கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் கொஞ்சம் காத்திருப்போம்: பங்குத்தந்தையர்களுக்கும் வழிபாட்டுக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பங்குத்தந்தையர்களே, வழிபாட்டுக் குழுக்களில் உழைக்கும் சகோதர சகோதரிகளே, பாடகர் குழு நண்பர்களே,

இயேசுவின் அமைதி உங்களோடு இருப்பதாக.

இந்த மடலில் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தைத் திருவருகைக் காலமாகவே எங்களுக்கு விட்டுவையுங்கள். முதல் ஊதா மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, அதே வாரத்தில் எங்களைக் கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எங்களில் பலருக்குக் காத்திருக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. ஆலயத்தில் அது கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் உங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதை நான் அறிவேன். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரிசையாக நிற்கிறவர்கள், வீட்டோடு கிடக்கிற நோயாளிகளுக்கு நற்கருணை, குடில் வேலை, பாடல் பயிற்சி, சிறுவர்களின் நாடகம் என எல்லாவற்றையும் 24ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். வெளியுலகம் வேறு நவம்பரிலேயே பண்டிகையைத் தொடங்கிவிடுகிறது. மக்களும் அதே வேகத்தை ஆலயத்திலும் எதிர்பார்க்கிறார்கள். அதனால் முதல் வாரத்திலேயே பிறப்புப் பாடல்கள் வந்துவிடுகின்றன. இரண்டாம் வாரம் ஒரு கிறிஸ்துமஸ் விழா, மூன்றாம் வாரம் இன்னொன்று. 25ஆம் தேதி காலையில் பாடகர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கேட்கிறவர்களுக்கும் சலித்துப்போயிருக்கிறது. மறுநாளோடு எல்லாம் முடிந்தது என்று அலங்காரத்தைக் கழற்ற ஆரம்பிக்கிறோம். திருவழிபாட்டு நாள்காட்டியிலோ அது கிறிஸ்து பிறப்பின் எண்கிழமையில், அதாவது எட்டு நாள் கொண்டாட்டத்தில், வெறும் இரண்டாம் நாள். பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. காத்திருக்க வேண்டிய நாள்களில் கொண்டாடிவிட்டு, கொண்டாட வேண்டிய நாள்களில் களைத்துப்போய் நிற்கிறோம்.

திருச்சபை இதை முன்பே யோசித்திருக்கிறது. திருப்பலி நூலின் முகப்பில் வரும் பொது விதிமுறைகளில் 305ஆம் எண்ணையும் 313ஆம் எண்ணையும் நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள். திருவருகைக் காலத்தில் பீடத்துக்குப் பூ அலங்காரம் அளவோடு இருக்கட்டும், ஆர்கனும் மற்ற இசைக்கருவிகளும் அளவோடு ஒலிக்கட்டும் என்று அவை சொல்கின்றன. ஆண்டவரின் பிறப்பு விழாவுக்கு உரிய முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். திருப்பலியின் தொடக்கத்தில் பாடும் வானவர் கீதத்தையும் இதே நோக்கத்தோடுதான் ஞாயிறுதோறும் விட்டுவிடுகிறோம். ஆனால் அல்லேலூயாவை விடுவதில்லை. தவக்காலத்தின் துக்கம் இங்கே கிடையாது. மகிழ்ச்சி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்தைப் பழங்காலத்தில் இன்னும் தீவிரமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரின் ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கும்படி தன் மக்களுக்கு ஏற்பாடு செய்தார். கீழைத் திருச்சபைகள் பலவற்றில் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு இன்றும் நடக்கிறது. மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறையில் ஆறு வாரங்கள். நமக்குக் கிடைத்திருப்பது நான்கு ஞாயிறுகள் மட்டும். அதிலும் கிறிஸ்து பிறப்பு திங்கட்கிழமை வருகிற ஆண்டில், 2023இல் வந்ததுபோல, 22 நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு சின்னக் காலத்தையும் ஏன் கைவிட வேண்டும்?

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்கிறேன்.

என் அக்கா சிறுநீரக மாற்றுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு வந்தவர், நன்றிப் பாடலின்போது எழுந்து வெளியே போய்விட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். "எல்லாரும் பெத்லகேமுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க, நான் மட்டும் இன்னும் வழியிலேயே நிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். அதற்குள் எங்களைத் தெரிந்த ஒருவர் வந்து அவர் தோளைத் தொட்டு, "பொறுமையா இருங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தைக்குள் அக்கா உட்கார இடம் இல்லை.

என் அக்காவைப்போல ஒவ்வொரு பங்கிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர். வேலை போய், எந்தக் கடிதமும் வராமல் இருப்பவர். வீட்டை விட்டுப் போன மகன் ஒரு முறையாவது பேசுவானா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய். குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர். அவர்களுக்கு டிசம்பர் முழுவதும் குழந்தையைப் பற்றிய பாட்டாகவே கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விசாரணை முடியாமல் சிறையில் இருப்பவரின் மனைவி. கணவரை அடக்கம் செய்துவிட்டு முதல் கிறிஸ்துமஸை எதிர்கொள்ளப்போகிறவர். இவர்கள் எல்லாரும் ஆண்டு முழுவதும் திருவருகைக் காலத்தில்தான் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு வாரமாவது திருச்சபை முழுவதும் அவர்கள் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது. நாமோ அந்த நான்கு வாரத்திலும் அவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போகிறோம்.

வாசகங்களைப் பாருங்கள். முதல் ஞாயிறன்று எந்த ஆண்டிலும் குழந்தை இயேசு வருவதில்லை. மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை எல்லாம் மானிட மகனின் வருகையைப் பற்றியவை: விழிப்பாயிருங்கள், நாளும் நேரமும் உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டில் அதோடு எசாயாவின் புலம்பலும் சேர்ந்து வருகிறது. வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கடவுளிடம் கேட்கும் புலம்பல் அது. ஏன் எங்களை உமது வழியை விட்டு அலையவிட்டீர் என்று அவரையே பார்த்துக் கேட்கிறது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பியும் கோவில் இடிபாடாகவே கிடந்ததைப் பார்த்தவர்களின் குரல் அதில் கேட்கிறது. அந்த வாசகம் அரை நிமிடத்தில் வாசிக்கப்பட்டு, மறையுரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படாமல் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். இப்படியெல்லாம் கடவுளிடம் கேட்கலாம், கேட்டவர்களின் வார்த்தைகளைத் திருச்சபை மறைநூலாகப் போற்றி வைத்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் முனகவே கூடாது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்கள் நம் நடுவில் நிறைய இருக்கிறார்கள்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிறத் திருவுடை, பிலிப்பியருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலிருந்து மகிழுங்கள் என்ற அழைப்பு. முதல் ஆண்டில் அந்த ஞாயிறன்று திருச்சபை தரும் நற்செய்தி எது தெரியுமா? சிறையில் இருக்கும் திருமுழுக்கு யோவான் இயேசுவிடம் கேட்ட கேள்வி. "வரவிருப்பவர் நீர் தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?"

இந்தப் பகுதியை நான் எத்தனை முறை படித்தாலும் நின்றுவிடுகிறேன். யோவான் சாதாரண ஆள் இல்லை. யோர்தான் கரையில் நின்று, கோடரி மரங்களின் வேரருகே வைக்கப்பட்டாயிற்று என்று முழங்கியவர். வருகிறவரைச் சுட்டிக்காட்டியவர். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு சொல்வதன்படி, சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் ஏரோது அவரை அடைத்து வைத்திருந்தான். கோடரி எந்த மரத்திலும் விழவில்லை. ஏரோது அரண்மனையில் இருக்கிறான், யோவான் இருட்டில் இருக்கிறார். நான் முன்னறிவித்தவர் இவர்தானா என்று அவருக்கே கேட்கத் தோன்றுகிறது. அதை மறைக்காமல் சீடர்களை அனுப்பி நேராக இயேசுவிடமே கேட்கிறார்.

இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், இறந்தோர் உயிர்பெறுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது, இதைப் போய் யோவானிடம் சொல்லுங்கள் என்கிறார். எல்லாம் எசாயாவின் வாக்குகளிலிருந்து எடுத்த வார்த்தைகள். ஆனால் எசாயா 61இல் சிறைப்பட்டோருக்கு விடுதலை என்றும் ஒரு வாக்கு இருக்கிறதே, அது இந்தப் பதிலில் இல்லை. சிறையில் இருப்பவருக்குச் சொல்லி அனுப்பும் பதிலில், அவர் மிகவும் கேட்க விரும்பியிருக்கக்கூடிய அந்த ஒரு வாக்கு மட்டும் விடுபட்டிருக்கிறது. அதன்பின், "என்னைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வோர் பேறுபெற்றோர்" என்று முடிகிறது. யோவான் அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை.

இது கடினமான பகுதி. இதை இனிப்பாக்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஆனால் கிறிஸ்தவ எதிர்நோக்கு என்னவென்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கும் எதிர்நோக்குக்கும் தொடர்பு இல்லை. என் சிறைக் கதவு திறக்காமலே போகலாம், ஆனாலும் வெளியே கடவுள் வேலை செய்துகொண்டிருக்கிறார், அந்த வேலை நிற்காது, அதில் என் வாழ்வும் வீணாகாது என்று ஒருவர் பிடித்துக்கொள்கிறாரே, அதுதான் எதிர்நோக்கு. யோவானுடைய சீடர்கள் போனபின், பெண்களிடம் பிறந்தவர்களுள் இவரைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்துக்கு முன் இயேசு சொன்னார். சந்தேகத்தோடு கேட்ட அதே நாளில், அதே மனிதரைப் பற்றி. மகிழ்ச்சி ஞாயிறன்று இந்த நற்செய்தி வருவதற்குக் காரணம் உண்டு என்றே நம்புகிறேன். சந்தேகத்தோடும் விலங்கோடும் இருப்பவருக்கும் எட்டுகிற மகிழ்ச்சியைத்தான் அன்று திருச்சபை அறிவிக்கிறது.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி ஹிட்லரின் ஆட்சியில் கைதுசெய்யப்பட்டு பெர்லினின் டேகல் சிறையில் இருந்த லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர், அந்த நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவர் காத்திருக்கலாம், நம்பலாம், ஏதாவது வேலை செய்யலாம். கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே டேகல் சிறையில் இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப், விலங்கிட்ட கைகளோடு திருவருகைக் காலச் சிந்தனைகளைத் தாள்களில் எழுதினார். அவை ரகசியமாக வெளியே கொண்டுவரப்பட்டன. டிசம்பர் 8ஆம் தேதி சிறைக்குள்ளேயே துறவியாகத் தன் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். ஜனவரியில் மரண தண்டனைத் தீர்ப்பு. 1945 பிப்ரவரி 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

பிப்ரவரி 2 ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. சிமியோனின் நாள்.

சிமியோனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இஸ்ரயேலின் ஆறுதலை எதிர்பார்த்திருந்தவர் என்று லூக்கா அவரை அறிமுகப்படுத்துகிறார். பக்கத்திலேயே அன்னா: 84 வயது, ஏழாண்டு மட்டுமே மணவாழ்வு, அப்புறம் கோவிலே கதி. பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையைச் சிமியோன் கையில் ஏந்துகிறார். என்ன மாறியிருந்தது அன்றைக்கு? உரோமையரின் ஆட்சி அப்படியேதான் இருந்தது. குழந்தை இன்னும் பேசக்கூட இல்லை. புதுமை எதுவும் நடக்கவில்லை, மலைப்பொழிவு இல்லை, சிலுவையும் இல்லை, உயிர்ப்பும் இல்லை. ஏழைப் பெற்றோர் இரண்டு புறாக்களுக்குரிய காணிக்கையோடு வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே, உமது சொற்படி உம் அடியான் என்னை இப்போது அமைதியுடன் போகச் செய்கிறீர்" என்கிறார். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, முடிவைக் கடவுளிடம் விட்டுவிட்டுப் போக முடிந்தது அவரால். கூடவே, உம் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று மரியாவிடம் ஒளிக்காமல் சொன்னார். சிமியோனின் இந்தப் பாடலைத் திருச்சபை ஒவ்வோர் இரவும் இரவு மன்றாட்டில் பாடுகிறது. எங்கள் நாள் எப்படி முடிந்திருந்தாலும், கேட்டது கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த வார்த்தைகளோடு தூங்கப் போகலாம் என்று திருச்சபை எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சரி, காத்திருப்பது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பதா? இந்தக் கேள்வியை உங்களிடம் நேராகவே வைக்க வேண்டும். ஏனென்றால் பொறுமை என்கிற நல்ல வார்த்தை பீடங்களிலிருந்து தவறாகவும் பயன்பட்டிருக்கிறது. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரச் சிறையில் இருந்த போதகர் மார்ட்டின் லூதர் கிங், தன் போராட்டம் அவசரமானது, பொறுமையாக இருக்க வேண்டும் என்று அறிக்கை விட்ட எட்டு மதத் தலைவர்களுக்குப் பதில் எழுதினார். எங்கள் உரிமைகளுக்காக 340 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்துவிட்டோம் என்றார். அந்தப் பதிலை இறைப்பணியில் இருக்கும் எவரும் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். அடிவாங்குகிறவரிடம் பொறுத்துக்கொள் என்று சொல்வது திருவருகைக் காலத்தின் செய்தி அல்ல. கணவன் அடிக்கிறான் என்று உங்களிடம் வரும் பெண்ணிடம், கூலி மறுக்கப்பட்டவரிடம், ஒதுக்கப்பட்டவரிடம் பொறுமையைப் பரிந்துரைக்காதீர்கள். இந்தக் காலத்தில் நாம் கேட்கும் எசாயா ஏழைகளுக்கு நீதி வழங்கும் அரசரைப் பற்றித்தான் பாடுகிறார். வாள்கள் கலப்பைக் கொழுவாகும் நாளைத்தான் காட்டுகிறார். பள்ளத்தாக்கை நிரப்பு, மலையைத் தாழ்த்து, வழியை நேராக்கு என்கிற குரல் கடும் உழைப்பைக் கேட்கிறது.

யாக்கோபு தன் திருமுகத்தில் பொறுமைக்கு ஒரு பயிரிடுபவரைக் காட்டுகிறார். முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை அவர் காத்திருக்கிறார் என்கிறார். எந்தப் பயிரிடுபவரும் உழாமல், விதைக்காமல், களையெடுக்காமல் காத்திருப்பதில்லை. மழையை மட்டும் அவரால் பெய்விக்க முடியாது. தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு, முடியாததற்கு மேலே பார்க்கிறார். கிறிஸ்தவப் பொறுமையும் இப்படித்தான். அதே திருமுகத்தில், அதே அதிகாரத்தில், இதற்குச் சற்று முன்புதான் கூலியாள்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் என்பதையும் சேர்த்தே எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. காத்திருக்கிறவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள். மூன்றாம் ஆண்டின் நான்காம் ஞாயிறன்று மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் நற்செய்தி வருகிறது. இருவர் வயிற்றிலும் குழந்தை, ஒருவருக்கு வயது போய்விட்டது, இன்னொருவருக்கு ஊர் என்ன பேசும் என்கிற நிலை. மரியா மலைநாட்டுக்கு விரைந்து போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். வானதூதர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்துவிடவில்லை. நாங்களும் அப்படித் தங்குவதற்கு ஆள் தேடுகிறோம். டிசம்பரில் ஒரு மாலை, விழா எதுவும் வைக்காமல், பேச்சாளர் யாரையும் அழைக்காமல், காத்திருக்கிறவர்கள் வந்து உட்காரலாம் என்று ஆலயக் கதவைத் திறந்துவைக்க முடியுமா? ஒரு திருப்பாடல், நீண்ட அமைதி, விரும்புகிறவர்கள் தங்கள் வேண்டுதலைச் சொல்லலாம், அவ்வளவு போதும். "விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைவிட, ஆம், விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைவிட, என் நெஞ்சம் என் தலைவருக்காய் ஆவலுடன் காத்திருக்கின்றது" என்று 130ஆம் திருப்பாடல் இரண்டு முறை சொல்கிறதே, அதை அவசரமில்லாமல் இரண்டு முறையும் எங்களோடு சொல்லுங்கள். அப்படி ஒரு மாலை இருந்தால் என் அக்கா கடைசிவரை உட்கார்ந்திருப்பார்.

விசுவாசிகள் மன்றாட்டிலும் இவர்களுக்கு இடம் கொடுங்கள். நோயாளிகளுக்காக என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்தாமல், உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்பவர்கள், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள், குழந்தைக்காக ஏங்குகிறவர்கள், காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் என்று சொல்லிச் செபியுங்கள். பெயர் வேண்டாம். தங்களைத்தான் சொல்கிறார்கள் என்பது உரியவர்களுக்குப் புரியும்.

சிறுவர்களை மறந்துவிடாதீர்கள். காத்திருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்காது, அதனால் சீக்கிரமே கொண்டாடிவிடலாம் என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாம் ஏற்றும் திருவருகை வளையம் பிள்ளைகளுக்காகவே உருவானது. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய போதகர் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன், கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நிறுத்தினார். வாரநாள்களுக்குச் சிறியவை, ஞாயிறுகளுக்குப் பெரியவை நான்கு. ஒவ்வொரு நாளும் ஒன்றாக ஏற்றினார்கள். விழாவை முன்னால் கொண்டுவந்து அவர் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தவில்லை, நாளை எண்ணக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளால் முடியும். கேட்டதெல்லாம் ஒரு விரல் தட்டலில் கையில் வந்துவிடும் இந்தக் காலத்தில், காத்திருக்கப் பழக்குவதற்கு ஆலயத்தைவிட நல்ல பள்ளி எது?

இன்னும் ஒரு உண்மையை மறையுரைகளில் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நாம் மட்டும் காத்திருக்கவில்லை. ஆண்டவர் காலந்தாழ்த்துவதுபோலத் தெரிவது அவருடைய பொறுமையே என்று பேதுருவின் இரண்டாம் திருமுகம் சொல்கிறது. யாரும் அழிந்துபோகாமல் எல்லாரும் மனம் மாற வேண்டும் என்று அவர் நமக்காகக் காத்திருக்கிறார். புனித பெர்னார்து ஆண்டவரின் வருகைகள் மூன்று என்று போதித்தார். பெத்லகேமில் வந்தது முதலாவது, மாட்சியோடு வரப்போவது கடைசி, இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவர் உள்ளத்துக்கும் அமைதியாக வருவது இன்னொன்று. 25ஆம் தேதிக்கான நாள்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், முதல் வருகையின் நினைவு மட்டுமே கையில் மிஞ்சும். மற்ற இரண்டும் கை நழுவிப் போகும். 2025 யூபிலி ஆண்டில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று ஓர் ஆண்டு முழுவதும் பாடினோம், பேசினோம். எதிர்நோக்குக்கென்றே திருச்சபை ஆண்டுதோறும் ஒதுக்கியிருக்கும் காலத்தில் அந்தப் பேச்சைத் தொடரலாமே.

பாடகர் குழுவினருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பாட ஒன்றும் இல்லாத காலம் என்று நினைக்காதீர்கள். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னால் பாடும் சிறு மன்றாட்டுகளான ஏழு பெரிய முன்மொழிகள் இருக்கின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. நாளுக்கு ஒன்று. ஏழுமே வாரும் என்று அழைப்பவை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபை பாடிவரும் இவற்றை ஞாயிறு மட்டும் ஆலயத்துக்கு வருகிற நாங்கள் முழுதாகக் கேட்டதே இல்லை. எளிய மெட்டு ஒன்று போட்டு, அந்த ஏழு நாளும் மாலைத் திருப்பலிக்கு முன் ஒவ்வொன்றைப் பாடுங்கள். இசைக்கருவி இல்லாமல் பாடினாலும் போதும். பிறப்புப் பாடல்களை 24ஆம் தேதி இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றிரவு தொண்டை திறந்து பாடுங்கள், திருமுழுக்கு விழா வரை நிறுத்தாதீர்கள். நாங்களும் சேர்ந்து பாடுவோம்.

டிசம்பர் 20ஆம் தேதிக்கு உரியது தாவீதின் திறவுகோலே என்பது. ஒருவரும் பூட்ட முடியாதபடி திறப்பவரே, வந்து, இருளிலும் சாவின் நிழலிலும் சிறைப்பட்டிருப்பவரை வெளியே கொண்டுவாரும் என்று அது மன்றாடுகிறது. சிறையில் இருந்த யோவானுக்குக் கிடைக்காத விடுதலை அது. டெல்ப் எழுதிய அறையும் அப்படிப்பட்டதே. அன்று மாலை ஆலயத்தில் அதைப் பாடுங்கள். முடிந்தால் அதே வாரத்தில் குழுவில் சிலர் அனுமதி வாங்கிச் சிறையில் இருப்பவர்களிடமோ, மருத்துவமனை வார்டிலோ போய் அதைப் பாடிவிட்டு வரலாம். அங்கே பிறப்புப் பாடலைவிட இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் அட்டவணையைப் பல இடங்களில் அக்டோபரிலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழு முன்மொழிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது காத்திருப்போருக்கான அந்த ஒரு மாலையை மட்டும். பயிற்சிக்கோ, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பதற்கோ ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். அக்காவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாக இருந்தால் அவரும் வருவார்.

கிறிஸ்துவில் அன்புடன்,
பங்கில் உங்களோடு செபிக்கும் ஒரு பொதுநிலையினர்